பெட் ரெஸ்ட் என்ற மருந்தின் வரலாறு

1/
வீட்டில் ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் நாம் எல்லோரும் சொல்வது என்ன?

"நல்லா ரெஸ்ட் எடுங்கப்பா. எதுக்கும் எழுந்திரிக்க வேணாம். தண்ணி வேணும்னாலும் கூப்பிடுங்க, நாங்க எடுத்துத் தர்றோம்."

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் நிமோனியாவுக்கு அட்மிட் ஆகி, நிமோனியா முழுசா சரியாகி, நடை மட்டும் போய்விட்ட பெரியவர்களை எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் பார்க்கலாம். காய்ச்சல் போயிடுச்சு, சளி போயிடுச்சு, எக்ஸ்ரே கிளியர். ஆனா பாத்ரூம் போக ரெண்டு பேர் பிடிக்கணும்.

"வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் மனசைத் தேற்றிக்கொள்வார்கள்.

வயசு மட்டும் காரணம் இல்லை நண்பர்களே. பத்து நாள் கட்டில் பெரிய காரணம். "படுத்தே இருங்க" என்பதை மக்களுக்குக் கற்றுக்கொடுத்ததே எங்கள் மருத்துவத் துறைதான். அது எப்படி வந்தது, யார் அதைக் கேள்வி கேட்டார்கள், எதை அளந்த பிறகு உண்மை தெரிந்தது என்று இந்த இழையில் பார்ப்போம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், உங்கள் வீட்டுக்குத் தேவைப்படும்.

2/
முதலில் ஒன்று. ஓய்வை மருந்தாக நினைத்த அந்தக் கால டாக்டர்கள் விவரம் இல்லாதவர்கள் கிடையாது.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் ஹில்டன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இருந்தார். ஓய்வு, வலி இரண்டைப் பற்றியும் 1860 முதல் 1862 வரை தொடர்ந்து உரைகள் நிகழ்த்தினார். 1863-ல் அது புத்தகமாக வந்தது. உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், அடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து அதற்கு வழிவிடுவதுதான் டாக்டரின் வேலை என்பது அவர் சொன்னதன் சாரம்.

அப்போது ஆன்டிபயாடிக் கிடையாது. எலும்பு டிபி, மூட்டு டிபி வந்த குழந்தைகளுக்கு மூட்டை அசையாமல் கட்டி வைத்தால் வலி குறைந்தது. எலும்பு முறிவுக்கும் அதே வழி உதவியது. கையில் வேறு ஆயுதம் இல்லாத காலத்தில் ஓய்வு உண்மையிலேயே ஒரு மருந்துதான்.

ஆனால் ஒரு இடத்தில் தடம் மாறியது. "மூட்டுக்கு ஓய்வு" என்பது மெல்ல மெல்ல "ஆளுக்கே ஓய்வு" என்று ஆனது. பிரசவமா? வாரக்கணக்கில் படுக்கை. ஹெர்னியா ஆபரேஷனா? வாரக்கணக்கில் படுக்கை. என்ன நோய் என்றாலும் முதல் மருந்து கட்டில்தான்.

3/
இதன் உச்சம் மாரடைப்பு சிகிச்சை.

இதய ரத்தக்குழாய் அடைப்பை உயிரோடு இருக்கும் நோயாளியிடமே கண்டறியலாம் என்று 1912-ல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் விளக்கினார். அவர் சொன்ன சிகிச்சையிலும் படுக்கை ஓய்வு இருந்தது.

பிறகு 1939-ல் பாஸ்டனில் மேலரி, பால் டட்லி ஒயிட் முதலானோர், மாரடைப்பு வந்து இறந்த 72 பேரின் இதயங்களை ஆராய்ந்தார்கள். செத்துப்போன தசை தழும்பாக மாற வாரக்கணக்கில் ஆகிறது என்று கண்டார்கள். நல்ல ஆராய்ச்சி. இன்றும் அது சரிதான்.

ஆனால் அதிலிருந்து வந்த நடைமுறையைப் பாருங்கள். தழும்பு உறுதியாக ஆறு வாரம் ஆகுமா? அப்போ ஆளையும் ஆறு வாரம் அசையாமல் படுக்க வை!

தானாகப் புரண்டு படுக்கக்கூடாது. ஆரம்ப நாட்களில் சாப்பாட்டைக்கூட நர்ஸ் ஊட்டிவிட வேண்டும். மலம், சிறுநீர் எல்லாம் படுத்த இடத்தில் பெட் பேனில். நெஞ்சு வலி நின்றுபோய் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் ஐம்பது வயது மனிதரை இப்படி வைத்திருந்தார்கள்.

அதில் பலர் பிறகு திடீரென்று இறந்தார்கள். "இதயம் பலவீனமாகிவிட்டது" என்று எழுதப்பட்டது. எல்லாருக்கும் காரணம் இதயம் இல்லை. அசையாத காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததில் போன உயிர்களும் அதில் இருந்தன.

4/
முதலில் உரக்கக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1947 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள் என்பதுதான் தலைப்பு. உறுப்பு உறுப்பாக எடுத்துக்கொண்டு, படுக்கை எதை எப்படிக் கெடுக்கிறது என்று பட்டியல் போட்டார். கிண்டலான எழுத்து. ஆனால் விஷயம் கனமானது.

அந்தப் பட்டியலை நம் பாஷையில் சொல்கிறேன்.

நுரையீரல்: மல்லாந்தே படுத்தால் அடிப்பகுதி சரியாக விரியாது. சளி தேங்கும். நிமோனியா வரும்.
ரத்தக்குழாய்: கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இருக்கும் ரத்தம் மேலே ஏறும். அது நின்றால் ரத்தம் உறையும்.
தோல்: ஒரே இடத்தில் அழுத்தம். படுக்கைப் புண்.
தசை, மூட்டு: தசை கரையும், மூட்டு இறுகும்.
எலும்பு: பாரம் தாங்காத எலும்பில் இருந்து கால்சியம் வெளியேறும். அது சிறுநீரில் போய்க் கல்லாகவும் மாறலாம்.
குடல்: மலச்சிக்கல்.
மனசு: சோர்வு, பயம், "இனி நம்மால முடியாது" என்ற எண்ணம்.

இது 1947-லேயே தெரிந்த விஷயம்! போர்க்காலத்தில் கட்டில் பற்றாக்குறையால் ஆபரேஷன் ஆனவர்களைச் சீக்கிரம் எழுப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் நன்றாகவே தேறினார்கள் என்பதையும் பலர் கவனித்திருந்தார்கள்.

5/
ஆனால் இதய நோயாளி விஷயத்தில் யாருக்கும் தைரியம் வரவில்லை. எழுப்பி உட்கார வைத்து ஏதாவது ஆகிவிட்டால்?

பாஸ்டன் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் சாமுவேல் லெவைன் பெரிய இதய நிபுணர். அவரிடம் வேலை பார்த்த இளம் டாக்டர் பெர்னார்ட் லோன். "மாரடைப்பு வந்தவர்களைக் கட்டிலில் போடாதே, நாற்காலியில் உட்கார வை" என்றார் லெவைன். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும், இதயத்தின் சுமையும் குறையும் என்பது அவர் கணக்கு.

வார்டில் பெரிய எதிர்ப்பு. நோயாளியைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்கிற அளவுக்குச் சக டாக்டர்கள் கோபப்பட்டதை லோன் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்.

81 நோயாளிகள். முதல் வாரத்திலேயே நாற்காலி. இதயம் வெடிக்கவில்லை. மாறாக, நோயாளிகளின் முகமே மாறியது. வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது, பயம் குறைந்தது, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1952-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவுகள் வெளிவந்தன.

இன்றைய கண்ணோட்டத்தில் அது சின்ன ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. ஆனால் கதவைத் திறந்தது அதுதான். 1955-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது பார்த்த நிபுணர், மேலே சொன்ன அதே பால் டட்லி ஒயிட். அவர் அதிபரை மீண்டும் வேலைக்குத் திரும்ப ஊக்குவித்தார். அடுத்த ஆண்டே ஐசனோவர் தேர்தலில் நின்று ஜெயித்தார்!

இன்று சிக்கல் இல்லாத மாரடைப்பு என்றால் சில நாட்களிலேயே நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த நாற்காலியில் தொடங்கிய பாதை இது.

6/
"நோயாளிதான் பலவீனமானவர், படுக்கை என்ன பண்ணும்?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் தேடினார்கள்.

1966, டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ். 20 வயதுள்ள 5 ஆரோக்கியமான இளைஞர்கள். ஒரு நோயும் இல்லை. அவர்களை 3 வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முன்னும் பின்னும், உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்று அளந்தார்கள். ஓடுவதற்கும் மாடி ஏறுவதற்கும் நமக்குள்ள திறனை அது காட்டும்.

மூன்றே வாரத்தில் அது கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

முப்பது வருஷம் கழித்து, 50 வயதான அதே 5 பேரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட வயோதிகம் குறைத்ததை விட, அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகமாக இருந்தது.

இருபது வயசுப் பையனுக்கே இந்தக் கதி என்றால் தாத்தாவுக்கு?

2007-ல் அதையும் பார்த்தார்கள். சராசரி வயது 67, நோய் இல்லாதவர்கள், 10 நாள் படுக்கை. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அவர்கள் நோயாளிகள் அல்ல, காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிட்டவர்கள். உடம்பில் தொற்றும் இருந்து, சாப்பாடும் இறங்காத ஒருவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

7/
இப்போது இந்த வரலாற்றின் மையமான கேள்விக்கு வருவோம். படுக்கை செய்த சேதத்தைப் பார்க்க ஏன் இவ்வளவு காலம் ஆனது?

ஏனென்றால் நாங்கள் அதை அளக்கவே இல்லை. உயிர் இருக்கிறதா? காய்ச்சல் இறங்கியதா? கட்டி சுருங்கியதா? இவைதான் கேஸ் ஷீட்டில் இருந்தன. "இவரால் என்ன செய்ய முடிகிறது?" என்ற கேள்விக்குக் கட்டமே கிடையாது. எழுதி வைக்காத ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்?

இந்தக் கேள்விக்கு நம்பர் போட்ட ஆரம்ப முயற்சிகளில் ஒன்று புற்றுநோய்ப் பிரிவில் நடந்தது. நியூயார்க்கில் டேவிட் கார்னோஃப்ஸ்கியும் சக மருத்துவர்களும் நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற மருந்தை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். போர் ரசாயனத்தில் இருந்து பிறந்த மருந்து அது. கட்டி கொஞ்சம் சுருங்கலாம். ஆனால் அதனால் நோயாளிக்கு என்ன பயன்?

அதற்காக 1948-ல் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். 100 என்றால் வழக்கமான வாழ்க்கை. 70 என்றால் தன்னைத் தானே கவனித்துக்கொள்வார், ஆனால் வேலைக்குப் போக முடியாது. 50 என்றால் கணிசமான உதவி தேவை. 0 என்றால் மரணம்.

இன்றும் கீமோதெரபி கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும்போது இதையோ, இதன் வழியில் வந்த இன்னொரு அளவையோ டாக்டர்கள் பார்க்கிறார்கள். "வீட்ல நடமாட்டம் எப்படி இருக்கு? பகல்ல எவ்வளவு நேரம் படுத்திருக்கார்?" என்று புற்றுநோய் மருத்துவர் கேட்டால் அது குசலம் விசாரிப்பது இல்லை. சிகிச்சையைத் தீர்மானிக்கும் கேள்வி அது. யோசித்துச் சரியாகப் பதில் சொல்லுங்கள்.

8/
அடுத்து இரண்டு பட்டியல்கள். எளிமையானவை, பணம் செலவாகாதவை.

1963-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சிட்னி காட்ஸ் குழுவினர் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைக் கவனித்து ஆறு விஷயங்களைப் பட்டியல் போட்டார்கள். குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறை போவது, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவது, மலம் சிறுநீரை அடக்குவது, தானே சாப்பிடுவது.

அவர்கள் கண்ட ஒரு அழகான விஷயம்: தேறி வருபவர்களுக்கு இந்தத் திறமைகள் பெரும்பாலும் ஒரு வரிசையில் திரும்பின. குழந்தை வளரும்போது கற்றுக்கொள்கிற வரிசையை அது ஒத்திருந்தது. சாப்பிடுவது முதலில், குளிப்பது கடைசியில்.

1965-ல் மேரிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஃபிளாரன்ஸ் மஹோனி, பிசியோதெரபிஸ்ட் டோரதியா பார்த்தெல் இருவரும் பத்து விஷயங்களுக்கு 100 மார்க் போடும் பார்த்தெல் அளவை வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு உலகம் முழுக்க இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு பேப்பர், ஒரு பேனா, ஐந்து நிமிஷம் போதும்.

9/
வெளிநாட்டுக் கதை மட்டும் சொல்வதாக நினைக்காதீர்கள். இந்தக் கேள்வியை உலகமே கவனிக்கிற மாதிரி கேட்ட ஊர்களில் ஒன்று நம் வேலூர்.

பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். லண்டனில் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் கவனித்துப் பார்த்தார். விரல் தானாக விழவில்லை. கிருமி நரம்பைக் கெடுப்பதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள், தூக்கத்தில் எலி கடித்தால்கூடத் தெரிவதில்லை. அந்தக் காயங்கள்தான் விரலைத் தின்கின்றன.

மடங்கிப்போன கையை நிமிர்த்த, முன்கையில் நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து விரல்களில் இணைத்தார். ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்ததா? இல்லை. வேறு வேலைக்கு இருந்த தசை இப்போது விரலை அசைக்கிறது. மூளை அதைப் புதுசாகப் பழக வேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி. அங்கே பிசியோதெரபி பாதி சிகிச்சை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கை சரியான சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். கை நன்றாக ஆனதால் பிச்சை விழவில்லை, தொழுநோய் வந்தவர் என்பதால் வேலையும் யாரும் தரவில்லை! ஆபரேஷன் சக்சஸ், ஆள் பட்டினி.

அதனால்தான் 1951 வாக்கில் நவஜீவ நிலையம் உருவானது. சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு போன்ற தொழில்களைக் கற்றார்கள், மரப் பொம்மைகள் செய்தார்கள். கை அசைகிறதா என்பதோடு, அந்தக் கையால் பிழைக்க முடிகிறதா என்பதும் சிகிச்சையின் கணக்கில் சேர்ந்தது.

10/
அதே வேலூரில் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்த இளம் டாக்டர். 1954-ல் சாலை விபத்து. தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயல்பாடு போனது. வயது முப்பதுகூட ஆகவில்லை.

அப்போது இந்தியாவில் தண்டுவடக் காயம் வந்தவர்களுக்கு மறுவாழ்வு சிகிச்சை என்று பெரிதாக எதுவும் இல்லை. படுக்கை, புண், சிறுநீர்த் தொற்று, மரணம். இதுதான் பலருடைய பாதை.

பிராண்ட் அவரை மீண்டும் வேலைக்கு இழுத்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார் மேரி. பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். அங்கிருந்து நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மேல்பயிற்சி. போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படை வீரர்கள் கட்டிலில் சும்மா கிடந்து வீணாவதைப் பார்த்து, மறுவாழ்வு மருத்துவத்தை ஒரு தனித் துறையாக வளர்த்தவர் ரஸ்க்.

திரும்பி வந்த மேரி வேலூரில் உடலியக்க மருத்துவத் துறையை வழிநடத்தினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அந்த வகையில் அது முன்னோடி. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார். தண்டுவடம் அடிபட்டவர் வீட்டுக்குத் திரும்பி, வேலை பார்த்து, வாழலாம் என்று அவர் சொன்னபோது நோயாளிகள் நம்பினார்கள். சொன்னவரே சக்கர நாற்காலியில் இருந்தாரே!

11/
இனி ஐ.சி.யு. கட்டிலின் ஆட்சி கடைசிவரை நீடித்த இடம்.

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை மயக்க மருந்து கொடுத்து ஆழ்ந்து தூங்க வைப்பதே பல காலம் வழக்கம். உயிர் பிழைத்தால் போதும் என்பதுதான் இலக்கு. பிழைத்தவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள்?

கனடாவின் டொராண்டோவில் மார்கரெட் ஹெரிட்ஜ் குழுவினர் தேடிப்போய்ப் பார்த்தார்கள். நுரையீரல் மிக மோசமாகி ஐ.சி.யு.வில் பிழைத்த 109 பேர். முடிவு 2003-ல் வெளியானது. ஐ.சி.யு.வை விட்டு வெளியே வரும்போது உடல் எடையில் சராசரியாக 18 சதவீதம் போயிருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நுரையீரல் பெரும்பாலும் தேறியிருந்தது. ஆனால் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். பாதிப் பேர் வேலைக்குத் திரும்பவில்லை.

நுரையீரலுக்குத்தான் நோய். ஆனால் கடைசியில் முடக்கியது தசை.

2009-ல் சிகாகோ, அயோவா மருத்துவர்கள் 104 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். வென்டிலேட்டரில் இருக்கும்போதே, முதல் மூன்று நாட்களுக்குள், மயக்க மருந்தைத் தினமும் நிறுத்திப் பார்த்து, விழித்ததும் பயிற்சி கொடுத்தார்கள். கையை அசைக்க, கட்டில் ஓரத்தில் உட்கார, முடிந்தால் நிற்க. டிஸ்சார்ஜ் ஆகும்போது தன் வேலையைத் தானே பார்க்கும் நிலையில் இருந்தவர்கள், பயிற்சி கிடைத்த குழுவில் 59 சதவீதம். வழக்கமான சிகிச்சை கிடைத்த குழுவில் 35 சதவீதம்.

12/
"ஆஹா, அப்போ எல்லாரையும் உடனே எழுப்பி நடக்க வைக்கலாம்!" என்று கிளம்பிவிடாதீர்கள். கதை அங்கே முடியவில்லை.

2015-ல் பக்கவாத நோயாளிகள் 2,104 பேரிடம் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு வெளிவந்தது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள், அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடக்க வைத்த குழு ஒரு பக்கம். வழக்கமான சிகிச்சை மறுபக்கம். மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் குழுவில் 46 சதவீதம், வழக்கமான குழுவில் 50 சதவீதம். அவசரப்பட்ட குழுதான் பின்தங்கியது! பிறகு அதே தரவை ஆராய்ந்தபோது, கொஞ்ச நேரமாக, ஆனால் பல முறை எழுப்புவது நல்ல பலனோடு சேர்ந்து வருவது தெரிந்தது.

2022-ல் ஐ.சி.யு. நோயாளிகள் 750 பேரிடம் இன்னொரு பெரிய ஆய்வு. ஒரு குழுவுக்குத் தினமும் சுமார் 21 நிமிடம் அசைவுப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு வழக்கமான சுமார் 9 நிமிடம். ஆறு மாத முடிவில் வித்தியாசம் இல்லை. அதிகம் செய்த குழுவில் ரத்த அழுத்தக் குறைவு, இதயத் துடிப்பில் கோளாறு போன்ற பக்கவிளைவுகள்தான் கூடுதல்.

இதில் இருந்து என்ன புரிகிறது? அசைவும் ஒரு மருந்துதான். பாராசிட்டமாலுக்கு இருப்பதுபோல இதற்கும் டோஸ் உண்டு. டோஸே இல்லாமல் விட்டாலும் ஆபத்து, ஓவர் டோஸும் ஆபத்து. நூறு வருஷம் முன்பு "ஓய்வு நல்லது" என்று அளக்காமல் நம்பியதும், இன்று "எழுப்பினால் நல்லது" என்று அளக்காமல் நம்புவதும் ஒரே தவறுதான்.

13/
நம் நாட்டில் நடந்த ஒரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். பலருக்குத் தெரியாது.

நம்மிடம் பிசியோதெரபிஸ்ட் குறைவு, குடும்பப் பாசம் அதிகம். அப்போ பக்கவாதம் வந்தவருக்குக் குடும்பத்தினரே பயிற்சி கொடுத்தால் என்ன? நியாயமான யோசனை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் சோதித்தார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள்.

2017-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்தே இருந்தவர்கள் இரு குழுவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

குடும்பத்தின் உழைப்பு வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல் பார்ப்பது, நம்பிக்கை கொடுப்பது எல்லாம் குடும்பத்தால்தான் நடக்கும். ஆனால் மறுவாழ்வு சிகிச்சை என்பது படித்துப் பழகி, அளந்து கொடுக்க வேண்டிய வேலை. அதைப் பயிற்சி இல்லாத மகள் தலையிலும் மருமகள் தலையிலும் சுமத்திவிட்டு, ஆஸ்பத்திரியும் அரசும் கையைக் கழுவ முடியாது. அரசு டாக்டராக இருந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன்.

14/
அந்த வகையில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஒரு நல்ல படி. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவார், நோய்த்தணிப்பு சிகிச்சை தரும் நர்ஸும் வருவார் என்பது பல பேருக்குத் தெரியாது. படுக்கையில் இருப்பவர் வீட்டில் இருந்தால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேட்டால்தான் பதிவாகும், பதிவானால்தான் எத்தனை பேர் தேவை என்று அரசுக்கும் தெரியும்.

ஆள் பற்றாக்குறை இருக்கிறதா? இருக்கிறது. ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டிய ஊர்கள் அதிகம். அதனால்தான் கேட்பவர்கள் எண்ணிக்கை கூட வேண்டும் என்கிறேன்.

15/
சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று: உங்கள் வீட்டுப் பெரியவர் அட்மிட் ஆகும்போதே, நோய்க்கு முன்னால் அவர் என்னவெல்லாம் தானாகச் செய்தார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். "தனியா கடைக்குப் போய்ட்டு வருவார்" என்ற ஒரு வரி எங்களுக்கு ரொம்ப முக்கியம். அது தெரியாவிட்டால், படுத்துக்கிடப்பதுதான் அவருடைய இயல்பு என்று புதிதாகப் பார்க்கும் டாக்டர் நினைத்துவிடலாம்.

இரண்டு: தினமும் ரவுண்ட்ஸில் கேளுங்கள். "இவரை உட்கார வைக்கலாமா? நிக்க வைக்கலாமா? எவ்வளவு நேரம்?" வேண்டாம் என்றால் காரணமும், எப்போது என்பதும் கேளுங்கள். நிலையில்லாத எலும்பு முறிவு, தண்டுவடக் காயம், ரத்த அழுத்தம் தடுமாறுவது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, பக்கவாதத்தின் முதல் நாள் என்று படுத்திருக்க வேண்டிய நேரங்களும் உண்டு. நீங்களாக முடிவெடுத்து எழுப்ப வேண்டாம்.

மூன்று: எழுப்பச் சொன்னால் ஒரேயடியாக வேண்டாம். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று பார்த்து, பிறகு நிற்பது. கொஞ்ச நேரம், பல முறை.

நான்கு: அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். சட்டை பட்டன் போட அஞ்சு நிமிஷம் ஆகுதா? ஆகட்டும். அந்த அஞ்சு நிமிஷமும் பிசியோதெரபிதான். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, சுண்டல், மீன் இருக்கட்டும். தசை கட்டப் புரதம் வேண்டும். கிட்னி பிரச்சனை இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

ஐந்து: டிஸ்சார்ஜ் அன்று காட்ஸின் அந்த ஆறையும் எழுதுங்கள். குளியல், உடை, கழிப்பறை, கட்டில் டு நாற்காலி, மலம் சிறுநீர்க் கட்டுப்பாடு, சாப்பாடு. எதை முன்பு செய்து இப்போது முடியவில்லையோ அதைக் காட்டி, "இது திரும்ப வர என்ன செய்யணும்? யாரைப் பார்க்கணும்?" என்று கேளுங்கள்.

குணமாகாத நோய் என்றாலும் இந்தக் கேள்வி பொருந்தும். புற்றுநோய் முற்றியவருக்குக் கூட, கடைசி மாதங்களில் தானே எழுந்து கழிப்பறை போக முடிவதும் முடியாததும் ஒன்றில்லை. அந்த மனிதரின் மரியாதை அதில் இருக்கிறது.

16/
"உயிருக்கு ஆபத்து இல்லையே டாக்டர்?" என்பதுதான் எங்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி. கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு "இல்லை" என்று பதில் வந்ததும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடாமல் இன்னொன்றையும் கேளுங்கள்.

"இவர் மறுபடி எழுந்து நடப்பாரா? அதுக்கு இன்னைக்கு என்ன செய்யணும்?"

எங்கள் துறை இந்தக் கேள்விக்கு வந்து சேர நூறு வருடம் பிடித்தது. உங்களுக்கு ஒரு நிமிஷம் போதும்.

பயனுள்ளதாக இருந்தால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நண்பர்களுக்குப் பகிருங்கள்.